வில்லியம் கிராசிங்கும் மறைந்திருக்கும் தபாற்பெட்டியும்

இங்கிலாந்து தேசத்தின் தென்மேற்கிலுள்ள டெவன் ஜில்லாவில், ஊரும் சாலையும் அண்மையிற் காணப்படாத ஒரு சதுப்பு நிலத்தின் நடுவே பெரும்பாறை ஒன்று கிடக்கின்றது. அப்பாறையில் ஒரு சிறு பட்டயம் பதிக்கப்பட்டுள்ளது. அதனருகே ஒரு தபாற்பெட்டி மறைந்திருக்கின்றது. தபாற்காரன் ஒருநாளும் அங்கு வருவதில்லை. வருமாறு அவனைப் பணிப்பாரும் இல்லை. எனினும், அப்பெட்டியைத் தேடிச் சேற்றையும் மூடுபனியையும் பொருட்படுத்தாது பல மைல் நடந்து வருவோர் ஆண்டுதோறும் உளர். 1938-ஆம் ஆண்டில் வைக்கப்பெற்ற இப்பெட்டி ஒருவருடைய நினைவுச் சின்னமாகும். அவர் பெயர் வில்லியம் கிராசிங். வறியவராய் வாழ்ந்து வறியவராய் மடிந்த அவரை நினைவுகூர மாளிகையும் எழுப்பாமல், உருவச் சிலையும் நாட்டாமல், ஒரு பெட்டியை ஒளித்துவைத்தது ஏன் என்பதனை விளக்குவதற்கு அவர் சரிதையைத் தொடக்கத்திலிருந்தே சொல்லவேண்டும். நம் கல்லூரித் தோழர்களிற் பெரும்பாலோர் அவர் பெயரைக் கேட்டிரார். டெவன் நாட்டில் கால்நடையாய்ச் செல்வோரிடத்து அப்பெயரைச் சொன்னால் அறியாதார் அரியர்.

முதற்கண் அவர் நடந்த நிலத்தைப் பற்றி ஒருசில கூறுவோம். டார்ட்மூர் என்பது கடல் மட்டத்திற்கு மேல் உயர்ந்து கிடக்கும் ஒரு பரந்த மேட்டுநிலம். 1951-ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாக ஆக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறக்குறைய 368 சதுர மைல். அதனுள் மிக உயர்ந்த இடம் 2,039 அடி. நமது பழனி மலையையும் நீலகிரியையும் கண்டோர்க்கு இவ்வுயரம் நகைப்பை விளைக்கலாம். ஆயினும் அந்நிலத்தின் அருமை உயரத்திலன்று, வழியின்மையில் உள்ளது. புல்லும் பாசியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கிப் படிந்து கறுத்த சேற்றுமண் பல அடி ஆழத்திற்குப் பரவியிருக்கின்றது. உறுதியான தரையென்று எண்ணி வைத்த கால் முழங்கால் வரை அமிழும். ஆங்காங்கே குன்றுகளின் உச்சியில் கருங்கற் பாறைகள் அடுக்கி வைத்தாற்போல நிற்கும். அவற்றை அந்நாட்டார் டார் என்பர். மூடுபனி இறங்கிவிட்டாலோ இவ்வடையாளங்களும் மறைந்துபோம். உள்ளூரில் பிறந்தவனும் வழி தவறுவான்.

வில்லியம் கிராசிங் 1847-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14-ஆம் நாள் பிளிமத் துறைமுக நகரில் பிறந்தார். அம்மேட்டுநிலம் அந்நகரிலிருந்து வெகு தொலைவன்று. பழங்கதைகளிலும் பழம்பொருள்களிலும் பற்றுடையவர் அவருடைய தாயார். விடுமுறை நாட்களை மேட்டுநிலத்தின் ஓரத்திற் கழித்த சிறுவனுக்குத் தாயிடமிருந்து அப்பற்று ஒட்டிக்கொண்டது. இளமையிலே கப்பலேறிக் கனடா வரை சென்றும் வந்தார். கடல் அவரைப் பிடித்து வைக்கவில்லை. அவர் தந்தையார் கப்பற் பாய்க்குரிய முரட்டுத்துணி நெய்யும் தொழிலுடையவர். சவுத் பிரென்ட் என்னும் சிற்றூரில் அக்குடும்பத்திற்கு ஓர் ஆலை இருந்தது. அதனைக் கவனித்து வருமாறு மகனை அனுப்பினார். 1872-இல் எம்மா என்னும் நங்கையை மணந்து கிராசிங் அவ்வூரிற் குடியேறினார்.

ஆலை இருந்த ஊர் மேட்டுநிலத்தின் விளிம்பிலேயே இருந்தமையை விதியின் குறும்பு என்றே சொல்லலாம். ஆலையின் வாயிலை விட்டு வெளிவந்தால் கண்முன்னே குன்றுகள்! கணக்கேடு மேசையின்மேற் கிடக்க, முதலாளி மகன் குன்றின்மேல் நடந்துகொண்டிருந்தார். நாடகத்திலும் அவருக்கு மோகமுண்டு. எஞ்சிய பொழுதை அது விழுங்கிற்று. இவ்வாறிருக்க ஆலை எங்ஙனம் நடைபெறும்? தொழில் நொடித்தது. குடும்பச் செல்வம் கரைந்தது. நம் பெற்றோர் இப்பகுதியைப் படிப்பாராயின் கிராசிங்கின் தந்தையார் பக்கமே நிற்பர் என்பதில் ஐயமில்லை. தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் சேரப் போகிறோம் என்று வீட்டில் சொன்ன நாளில், அது சோறு போடுமா என்ற வினாவை எதிர்கொண்ட நாம், இவ்விஷயத்தில் நடுநிலைமையோடு தீர்ப்புச் சொல்லத் தக்கவர் அல்லேம். ஒன்று மட்டும் சொல்வோம். ஆலை நொடித்ததனால் துன்புற்றவர் கிராசிங் ஒருவரே அல்லர்; அவரை நம்பி வந்த எம்மாவும் துன்புற்றார். வாழ்நாள் முழுதும் வாடகை வீடுகளில் அவருடன் வறுமையைப் பங்கிட்டுக்கொண்ட அம்மாதரசியைப் பற்றி நூல்கள் மிகச் சிலவே கூறுகின்றன.

செல்வம் போயிற்று, நடை நிற்கவில்லை. எழுத்தையே தொழிலாகக் கொண்டு கிராசிங் அம்மேட்டுநிலம் முழுவதையும் அடி அடியாக அளக்கத் தொடங்கினார். எத்தனையோ பேர் அழகிய காட்சியைக் காண அங்கே செல்வர். கண்டு, வியந்து, அன்று மாலையே திரும்பிவிடுவர். கிராசிங்கோ வெயிலிலும் மழையிலும் பனியிலும் சென்றார். கையில் குறிப்புப் புத்தகம். பையில் ஒரு சிறு குழல். பொழுது சாய்ந்தால் அருகிலுள்ள குடியானவர் வீட்டிற்குச் செல்வார்; அடுப்பங்கரையில் அமர்ந்து குழல் வாசிப்பார்; பின்பு அவர்களைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். எந்தச் சேறு எந்த மாதத்தில் தாங்கும், எந்த ஓடையை எவ்விடத்திற் கடக்கலாம், இக்கல்லுக்குப் பாட்டன் காலத்தில் என்ன பெயர் வழங்கிற்று என்பன போன்ற செய்திகளைப் புத்தகங்களிலே தேடிப் பயனில்லை. அவை ஆடு மேய்ப்போர், சேற்றுமண்ணை எரிபொருளாக வெட்டுவோர், கல்லுடைப்போர், முயல் வளர்ப்போர் ஆகியோரின் நாவில் இருந்தன. அம்முதியோர் இறந்தாற் செய்தியும் அவர்களுடனே இறக்கும் என்பதைக் கிராசிங் நன்கு உணர்ந்திருந்தார். 1903-ஆம் ஆண்டில் ‘வெஸ்டர்ன் மார்னிங் நியூஸ்’ என்னும் பத்திரிகையில் டார்ட்மூர்த் தொழிலாளரைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வரிசை, அவ்வேழைகளின் அன்றாட வாழ்வை அப்படியே காட்டுவது. அரசர்களையும் கோட்டைகளையும் பற்றி எழுதப் பலர் இருந்தனர். கற்சுவர் அடுக்குவோனைப் பற்றி எழுத அவர் ஒருவர் இருந்தார்.

அவருடைய மற்றோர் ஈடுபாடு கற்சிலுவைகளின்மேற் சென்றது. கிராசிங் என்னும் பெயரிலேயே சிலுவையைக் குறிக்கும் சொல் பாதி அடங்கியிருப்பதை ஆங்கிலம் அறிந்தோர் கண்டு புன்முறுவல் கொள்வர். முற்காலத்தில் பக்பாஸ்ட், டாவிஸ்டாக் முதலிய மடங்களைச் சேர்ந்த துறவியர் மேட்டுநிலத்தைக் கடந்து செல்லும் வழிகளில் அச்சிலுவைகளை நாட்டியிருந்தனர். அவை வழிபாட்டிற்கு உரியனவாயிருந்தவாறே வழிகாட்டியாகவும் இருந்தன. பிற்காலத்தில் அவற்றிற் பல வீழ்ந்தன. சில வேலிக் கம்பங்களாயின. சில பாலத்திற் பதிக்கப்பட்டன. கிராசிங் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டு, அளந்து, எழுதினார். 1902-இல் வெளிவந்த அவரது கற்சிலுவை நூல் இன்றும் அத்துறையிற் பயில்வோர் முதலில் எடுக்கும் நூலாகும். இதற்கு முன்னரே 1890-இல் குறளித் தேவதைகளின் கதைகளைத் தொகுத்தும், 1901-இல் அந்நிலத்தின் நூறாண்டு வரலாற்றை எழுதியும் வெளியிட்டிருந்தார். நூல்கள் பெருகின, கைப்பொருள் பெருகவில்லை. நனைந்த உடையோடு ஆண்டுக்கணக்காய் நடந்ததன் கூலியாக வாதநோய் அவர் மூட்டுகளிற் குடிபுகுந்தது.

இனித் தபாற்பெட்டியின் கதைக்கு வருவோம். இதனைத் தொடங்கியவர் கிராசிங் அல்லர். அவர் ஏழு வயதும் நிரம்பாத சிறுவனாயிருந்த 1854-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது அது. சாக்போர்டு என்னும் ஊரில் ஜேம்ஸ் பெரட் என்பவர் இருந்தார். மேட்டுநிலத்தைக் காண வரும் கனவான்களைக் கூலி பெற்று அழைத்துச் செல்லுதல் அவர் தொழில். அழைத்துச் செல்வதற்கு மிகவும் கடினமான இடம் கிரான்மியர்க் குளம். வடபகுதிச் சதுப்பின் நட்டநடுவில் உள்ள அதனைக் குளம் என்று அழைப்பரேயன்றி அதில் நீரில்லை. நீரில்லாமைக்கு ஒரு கதையும் உண்டு. ஓக்ஹாம்ப்டன் நகரத் தலைவராயிருந்த ஒருவரின் ஆவி அமைதியின்றி அலைந்ததாம். சல்லடையால் இக்குளத்தை இறைத்து முடிக்கும் வரை விடுதலை இல்லையென்று அதனைக் கட்டிவைத்தனராம். ஆவியோ செத்த ஆட்டின் தோலைச் சல்லடையின் உள்ளே விரித்து, ஒரே மூச்சில் இறைத்து, நகரத்தையே வெள்ளத்தில் ஆழ்த்திற்றாம்! கதை எவ்வாறாயினும், அங்கே சென்று சேர்பவன் காண்பது கறுத்த மண்பள்ளம் ஒன்றே.

இத்துணை அரும்பாடுபட்டு வந்தவர், வந்ததற்கு யாதொரு அடையாளமும் இன்றித் திரும்ப மனம் ஒப்புவரோ? நம்மிற் சிலர் மலைக்கோட்டைக்கும் குகைக்கும் சுற்றுலாச் சென்றால் பாறையில் பெயரைக் கீறாமல் இறங்குவதில்லை. பெரட் கண்ட உபாயம் இதனினும் நாகரிகமானது. கற்களைக் குவித்து, அக்குவியலில் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். வந்தவர் தம் பெயர்ச் சீட்டை அதில் இட்டுச் செல்வர். அவ்வளவே. 1895-இல் தம் எண்பதாம் வயதில் இறந்த அவ்வழிகாட்டி, தாம் வைத்த புட்டி கடல் கடந்து பரவப்போகும் ஒரு வழக்கத்தின் வித்து என்று எண்ணியிருக்கமாட்டார்.

புட்டியின் இடத்தில் பின்னர்த் தகரப் பெட்டி வந்தது. 1905-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிளிமத் அன்பர் இருவர் ஒரு வருகைப் புத்தகத்தையும் வைத்தனர். இதற்கிடையில் வழிநடப்போர் மற்றொரு வழக்கத்தையும் கண்டுபிடித்தனர். தபால் தலை ஒட்டித் தம் வீட்டு விலாசமோ நண்பர் விலாசமோ எழுதிய கார்டு ஒன்றைப் பெட்டியில் விட்டுச் செல்வர். அடுத்து வருபவர் எவராயினும் அதனை எடுத்துச் சென்று தம் ஊரில் தபாலிற் சேர்ப்பார். தம்முடைய கார்டை அங்கே விட்டுப் போவார். தபாற்பெட்டி என்ற பெயர் இதனால் வந்தது. கார்டு ஒரு வாரத்திலும் வரலாம்; குளிர்காலமாயின் பல வாரங்களும் ஆகலாம். விட்டவரும் எடுத்தவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை, காணப்போவதுமில்லை. இவர் கார்டை அவர் கிழித்தெறிந்தால் கேட்பாரும் இல்லை. ஆயினும் கார்டுகள் வீடு வந்து சேர்ந்தன. கேட்பாரில்லாத அந்த இடத்தில் முன்பின் அறியாதவர் காத்த இந்நாணயமே, இவ்விளையாட்டில் நம்மை மிகவும் கவர்ந்தது.

பெரட் புட்டி வைத்த செய்தி இன்று நமக்குத் தெரிகின்றதெனின் அது கிராசிங் எழுதிவைத்தமையாலே. 1909-ஆம் ஆண்டில் அவருடைய ‘டார்ட்மூர் வழிகாட்டி’ வெளிவந்தது. நோயும் வறுமையும் நெருக்கிய அக்காலத்தில் அவருக்குக் கோலியர் என்னும் நண்பர் பொருளுதவி செய்து தாங்கினார். பிலிப் கை ஸ்டீவன்ஸ் என்பார் அவ்வவ்விடத்திலிருந்தே தீட்டிய சித்திரங்கள் அதனை அணிசெய்கின்றன. அந்நூலை எழுதும்போது கிராசிங்கிற்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. பல பகுதிகளுக்கு மீண்டும் நடந்து செல்ல உடல் இடங்கொடுக்கவில்லை. முப்பது நாற்பது ஆண்டுக் குறிப்புகளும் நினைவுமே துணை. அங்ஙனமிருந்தும் அதன் நுட்பத்தைக் கண்டு வியவாதாரில்லை. இந்த ஊரிலிருந்து புறப்பட்டு, இந்த வேலிவாயிலைக் கடந்து, இந்த ஓடையின் இடக்கரையே சென்று, எதிரே தோன்றும் பாறையை வலத்தே விட்டு நட என்று கைப்பிடித்து அழைத்துச் செல்லும் நடை அது. வருணனைக்கு அவர் அதிகம் செலவிடவில்லை. படிக்கும் நமக்கு முதலிற் சற்றுச் சலிப்பாகவும் தோன்றும். பனிமூடிய சதுப்பில் தனித்து நிற்பவனுக்கு உவமை வேண்டுவதில்லை, அடுத்த அடி எங்கே வைப்பது என்பதே வேண்டும் என்று நினைத்துப் பார்த்தபின், அச்சலிப்பு மரியாதையாக மாறுகின்றது. இவ்வழிகளையெல்லாம் தமக்கென்று மறைத்துவைத்துக் கூலி வழிகாட்டியாகி அவர் பிழைத்திருக்கலாம். எல்லாவற்றையும் அச்சிற் கொடுத்துவிட்டார். தபாற்பெட்டி இருந்த கிரான்மியருக்கும் பல திசைகளிலிருந்து வழி சொன்னார். 1908-ஆம் ஆண்டில் மட்டும் அங்குள்ள வருகைப் புத்தகத்தில் கையொப்பமிட்டோர் 1,741 பேர்.

அவருடைய இறுதிக்காலத்தை எழுதக் கை தயங்குகின்றது. மேரி டேவி என்னும் சிற்றூரில் கிராசிங் தம்பதிகள் வாழ்ந்துவந்தனர். 1921-இல் எம்மா இறந்தார். நடக்கவும் இயலாத முதியவர் தனியரானார். டாவிஸ்டாக்கிலுள்ள ஏழைகள் விடுதியிற் சிலகாலம் இருக்கவும் நேர்ந்தது. டார்ட்மூரைப் பற்றி அனைத்தையும் அடக்கிய பெருநூல் ஒன்றை எழுதவேண்டுமென்று அவர் ஆயுள் முழுதும் சேர்த்துவைத்த குறிப்புகளும் கையெழுத்துப் பிரதிகளும் வீட்டிற் கிடந்தன. எலிகள் அவற்றிற் புகுந்தன. வீடு கூட்ட வந்த ஒருத்தி, எலி கெடுத்த குப்பை என்று எண்ணி அவற்றை அழித்துவிட்டாள். அவளைக் குறை சொல்லுதல் தகாது. எழுத்தின் மதிப்பை அவளுக்கு எவர் சொன்னார்? செல்லரித்த ஏடுகளையும், ஆற்றுவெள்ளத்தில் விடப்பட்ட சுவடிகளையும் பற்றி வகுப்பில் ஆசிரியர் சொல்லக் கேட்டு வருந்தியிருக்கும் நாம், இச்செய்தியைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டோம். மேலே படிக்க மனம் வரவில்லை. எழுதியவர் உயிரோடிருக்கையிலேயே அவை அழிந்தன என்பது ஏடுகளின் கதையினும் கொடியது. கையில் வலுவின்றி, நடக்கக் காலின்றி, மீண்டும் தொடங்க நாளின்றி அவர் அதனைத் தாங்கினார். நண்பர் கோலியரின் உதவியால் பிளிமத்திலுள்ள மருத்துவ விடுதியொன்றிற் சேர்க்கப்பட்டு, 1928-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 3-ஆம் நாள் அங்கே உயிர் நீத்தார். மேரி டேவி ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் எம்மாவின் அருகே அவரை அடக்கம் செய்தனர்.

அச்சேறிய நூல்கள் மட்டும் நின்றன. கிராசிங்கின் கட்டுரைகளை முன்னாளில் வெளியிட்ட அதே பத்திரிகை 1937-இல் வாசகரிடம் நன்கொடை திரட்டிக் கிரான்மியரில் கல்லாற் கட்டிய நிலையான தபாற்பெட்டியை அமைத்தது. மறு ஆண்டில் கிராசிங்கின் நினைவுப்பெட்டி தென்பகுதியிலுள்ள டக்ஸ் பூல் என்னுமிடத்தில் வைக்கப்பெற்றது. பெயரின் பொருள் வாத்துக்குளம். கிரான்மியரைப் போலவே இதிலும் குளமில்லை, நீர் வடிந்துபோன சதுப்பே உண்டு. 1970-ஆம் ஆண்டுகள் வரையில் மேட்டுநிலம் முழுவதிலும் இத்தகைய பெட்டிகள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இருந்ததில்லை. அதன்பின் அவை பல்கிப் பெருகின. நூறு பெட்டிகளைக் கண்டவர்களுக்கு ஒரு சங்கமே ஏற்பட்டது. கார்டு விடும் வழக்கம் குறைந்து முத்திரை வழக்கம் வந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் அதற்கே உரிய ரப்பர் முத்திரை ஒன்றும் சிறு புத்தகம் ஒன்றும் இருக்கும். தேடிவருபவர் பெட்டியின் முத்திரையைத் தம் புத்தகத்திலும், தம் முத்திரையைப் பெட்டியின் புத்தகத்திலும் பதித்துக்கொள்வர்.

1998-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் ‘ஸ்மித்சோனியன்’ பத்திரிகை இதனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட, அந்நாட்டிலும் இவ்விளையாட்டு வேரூன்றிற்று. அங்கே காடுகள் மிகுதி. காட்டுவழியே நடந்து, பாதை பிரியுமிடத்தில் இடப்புறம் திரும்பி, இரட்டையாய் வளர்ந்த மரத்திலிருந்து இத்தனை அடி எண்ணி, இடிந்த கற்சுவரின் மூலையில் இலைச்சருகை விலக்கினால் அடியிலே பெட்டி இருக்கும். வழிக்குறிப்பு இவ்வாறு அமைந்திருக்கும். டார்ட்மூரில் மரமில்லாமையால் குறிப்பு வேறுவகை: பெட்டியிருக்குமிடத்தில் நின்று பார்த்தால் இன்ன குன்று திசைக்கருவியில் இத்தனை பாகையில் தோன்றும், ஆட்டுத்தொழுவத்தின் மூலை இத்தனை பாகையில் தோன்றும் என்று குறிக்கப்பட்டிருக்கும். பனி இறங்கினால் குறிப்பு முழுதும் வீண். குன்றுகளின் பெயரும் தோற்றமும் அறியாதவனுக்கு, பனியில்லாத நாளிலும் அது பயன்படாது. எந்தக் குன்று எது என்று ஐயுறுவோர் இன்றும் எடுத்துப் பார்ப்பது கிராசிங்கின் நூலையே. 1965-இல் மறுபதிப்பாக வெளிவந்து அது பல கைகளில் உலவுகின்றது.

டக்ஸ் பூலுக்குச் செல்லும் வழியில் கைகாட்டி இல்லை. ஈரமண் காலணியைப் பற்றி இழுக்கும். பாறையை அடைந்தவர் பட்டயத்திலுள்ள பெயரைப் படிப்பார்; பெட்டியைத் திறப்பார்; தமக்கு முன் வந்தவர்களின் பெயர்களைப் புரட்டுவார்; மழைத்துளி படாமல் உடலாற் குனிந்து மறைத்துக்கொண்டு தம் பெயரை எழுதுவார். முத்திரையைப் பதிப்பார். பின்பு புத்தகத்தை உறையிலிட்டு, மூடியை இறுக மூடி, அடுத்து வருபவருக்காகப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வந்த வழியே திரும்புவார்.